களஞ்சியமும் எலி வளையும்

2020 ஏப்ரலில் நான் ஒரு பதிவு போட்டேன். இதுவரை நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். இந்தக் கட்டுரையை அதில் நூற்றில் ஒரு பங்கு பேர் படித்தாலே பெரிசு. ஆனாலும் அந்தப் பதிவுக்கு நானே ஒரு பதில் எழுதவேண்டியிருக்கிறது. நான்கைந்து வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பதில் இது.

மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவித்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பே பெங்களூரிலிருந்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வல்லம் வந்துவிட்டேன். செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகிற பக்கம் இருக்கிறது எங்கள் ஊர். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது என்பதால் மொட்டைமாடியில் தென்னங்கீற்று போட்டு ஆபீஸ் வைத்தேன். அங்கிருந்து பார்த்தால் மேற்கே ராஜகிரிக் கோட்டை மங்கலாகத் தெரியும். கிழக்கே ஏரிக்கரை. கரையை ஒட்டிய புறம்போக்கில் நாலு குடிசைகள், இருளர் குடும்பங்கள். அதில் ஒரு குடிசையில் இருந்தவரை ஊரில் எல்லோரும் ஆயா என்பார்கள். அவர் என் அப்பாவைச் 'சாமி' என்பார், என்னைத் 'தம்பி' என்பார். அப்பாவைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஆனால் அப்பா அவரை 'வா, போ' என்றுதான் பேசுவார். சின்ன வயதிலிருந்தே கேட்டுப் பழகியதால் அதில் எதுவும் தப்பாக எனக்குப் பட்டதில்லை.

ஏப்ரல் இரண்டாவது வாரம் ஒரு நாள் சாயங்காலம் அறுப்பு முடிந்த கழனியில் ஆயா தன் பேரன்கள் இரண்டு பேரோடு எலி பிடித்துக்கொண்டிருந்தார். வரப்பில் கண்ணை ஓட்டி எந்த வளையில் எலி இருக்கிறது, எது காலி என்று முதலில் பார்த்தார். வெளியேறும் வழிகளை மண்ணால் அடைத்தார். அடியில் ஓட்டை போட்ட மண்பானையில் வைக்கோலைத் திணித்து, பற்றவைத்து, புகையை வளைக்குள் ஊதினார். கொஞ்ச நேரம் கழித்துத் தோண்டினார்கள். எலிகளும் கிடைத்தன, எலிகள் சேர்த்து வைத்திருந்த நெல்லும் கிடைத்தது, ஒரு முறம் நிறைய. நான் போனை எடுத்துப் படம் பிடித்தேன். அன்றைக்கு ராத்திரியே எழுதினேன். நகரங்கள் பூட்டிக் கிடக்கின்றன, நாம் ஆன்லைனில் மளிகைக்கு நேரம் கிடைக்காமல் தவிக்கிறோம், இதோ ஒரு மூதாட்டி, எந்த ஊரடங்காலும் தொடமுடியாத அறிவோடு தன் உணவைத் தானே எடுத்துக்கொள்கிறார், உண்மையில் யார் முன்னேறியவர் என்ற தோரணையில் எழுதியிருந்தேன். இரண்டு நாளில் பதினோராயிரம் பேருக்குப் பிடித்திருந்தது. முன்பின் தெரியாத ஒருவர் 'கண்ணீர் வந்தது' என்று எழுதியிருந்தார்.

ஒரு வாரம் கழித்து ஆயா எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தார். அவர் எப்போதும் பின்வாசலுக்குத்தான் வருவார்.

"தம்பி, என்ன போட்டோ புடிச்சி போன்ல போட்டியாமே?"

ஆமாம் ஆயா, நிறையப் பேர் பார்த்தாங்க, உங்களைப் பெருமையாச் சொல்றாங்க என்றேன்.

"அப்பிடியா. அதுல அரிசி எதனா குடுப்பாங்களா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே விசாரிக்கத்தான் வந்திருந்தார். படம் எடுத்தால் அதற்குப் பிறகு யாராவது அரிசியோ துணியோ கொண்டுவந்து கொடுப்பார்கள் என்பது அவர் அனுபவம். அம்மா ரெண்டு படி அரிசி கொடுத்தாள். ஆயா வாங்கிக்கொண்டு திண்ணை ஓரம் உட்கார்ந்து சொன்னதிலிருந்துதான் நான் படமெடுத்த காட்சிக்கு அர்த்தமே தெரிந்தது. அரசு அப்போது அரிசி அட்டை வைத்திருந்த குடும்பங்களுக்கு ஆயிரம் ரூபாயும், அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் இலவசமாகக் கொடுத்திருந்தது. எங்கள் வீட்டுக்குக்கூட வந்தது. ஆயாவிடம் அட்டை கிடையாது. மகனும் மருமகளும் முன்பணம் வாங்கிக்கொண்டு வடக்கே ஒரு செங்கல் சூளைக்குப் போனவர்கள். சூளைக்காரர் அனுப்பவும் இல்லை, கூலியும் கொடுக்கவில்லை. பேரப்பிள்ளைகளோடு ஆயா மட்டும் இங்கே. எலி அவர்களுக்குப் பிடித்த சாப்பாடுதான், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஏப்ரலில் மூன்று வாரம் அவர்களுக்கு வேறு சாப்பாடே இருக்கவில்லை.

நான் சுதந்திரம் என்று எழுதியதன் பெயர் பட்டினி. பதிவை அழித்துவிட்டேன். பதினோராயிரம் பேருக்கும் அது ஏன் காணாமல் போனது என்று சொல்லவில்லை.

*

அன்றிலிருந்து என்னை உறுத்தும் கேள்வி இதுதான். இன்னொருவர் கஷ்டத்தைத் தாங்குவதைப் பார்த்து வியக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

பெருந்தொற்றுக் காலத்தில் இந்த வியப்பு உலகம் முழுக்க ஓடியது. பழங்குடிகளின் மீள்திறன், மரபு அறிவு, இயற்கையோடு இயைந்த வாழ்வு. இந்த வார்த்தைகள் பொய் என்று சொல்லவில்லை. எனக்கு உறுத்துவது 'மீள்திறன்' என்ற அந்த ஒரு சொல். என் தொழிலிலும் தினமும் புழங்குகிற சொல் அது. ஒரு அமைப்பு அடி வாங்கினாலும் விழாமல் இருக்கவேண்டும் என்றால் நாங்கள் என்ன செய்வோம்? ஒரு சர்வர் போதும் என்ற இடத்தில் மூன்று வைப்போம். ஒரு ஊரில் மின்சாரம் போனால் இன்னொரு ஊரிலிருந்து ஓடும்படி செய்வோம். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து பார்க்க ஆள் போடுவோம். எல்லாமே செலவு. சாதாரண நாளில் வீண் என்று தோன்றுகிற செலவு. மீட்டிங்கில் நிதி ஆள் கேள்வி கேட்கிற செலவு. தாங்கும் திறன் என்பது கையிருப்பு, அவ்வளவுதான்.

எங்கள் ஊர்க் கோட்டைக்கும் இதே கதைதான். 1690இல் தொடங்கிய முகலாயர் முற்றுகையைச் செஞ்சிக் கோட்டை 1698 வரை தாங்கியது. மலையும் மதிலும் காரணம்தான். ஆனால் ராஜகிரி அடிவாரத்தில் இன்றைக்கும் நிற்கிற நெற்களஞ்சியத்தையும், பாறையில் நீர் தேக்கிய குளங்களையும் பார்த்தால் மீதிக் காரணம் புரியும். அந்த நெல் சுற்றுவட்டாரக் கழனிகளில் விளைந்திருக்கவேண்டும். முற்றுகையின்போது மதிலுக்கு வெளியே இருந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று எந்த வழிகாட்டியும் சொல்வதில்லை. 2025 ஜூலையில் மராத்தியர் இராணுவ நிலப்பரப்புகள் என்ற வரிசையில் செஞ்சிக் கோட்டையும் உலகப் பாரம்பரியச் சின்னமானது. களஞ்சியம் வைத்திருந்தவர்களின் தாங்கும் திறனுக்கு யுனெஸ்கோ சான்றிதழ் கிடைத்துவிட்டது. ஆயாவின் களஞ்சியம் எலி வளை. அதில் இருந்த நெல்லும் எங்கள் கழனியில் சிந்தியதுதான்.

கையிருப்பு எதுவும் இல்லாத ஒருவர் விழாமல் நிற்கும்போது அதையும் அதே சொல்லால் அழைக்கிறோம். ஆனால் அங்கே செலவு உடம்பிலிருந்து போகிறது. பேரப்பிள்ளையின் எடையிலிருந்து போகிறது. ஒரு சர்வரை 'எவ்வளவு போட்டாலும் தாங்குது' என்று யாராவது சொன்னால் அடுத்து நடப்பது எனக்குத் தெரியும். அதற்கு ஒதுக்குகிற பணத்தைக் குறைப்பார்கள். மனிதர்கள் விஷயத்திலும் 'அவங்களுக்குப் பழக்கம், தாங்கிக்குவாங்க' என்கிற பாராட்டு அதே வேலையைத்தான் செய்கிறது.

*

இப்படியே போனால் இன்னொரு பள்ளத்தில் விழுவேன் என்றும் தெரிகிறது. பட்டினி, வறுமை, பாவம் என்று மட்டும் பார்த்தால் அந்தப் பானையும் புகையும் ஒன்றுமில்லாமல் போய்விடும். வரப்பைப் பார்த்த மாத்திரத்தில் எந்த வளையில் உயிர் இருக்கிறது என்று ஆயாவுக்குத் தெரிந்ததே, அது அறிவு. இன்ஜினியரிங் காலேஜில் நாலு வருடம் படித்த எனக்கு வராத அறிவு.

இருளர்களின் அறிவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது. ஒரு காலத்தில் பாம்புத் தோல் வியாபாரத்துக்காக அவர்கள் பாம்பு பிடித்தார்கள். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதை ஒட்டி வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை முடித்தன. 1978இல் ராமுலஸ் விட்டேகரின் முயற்சியில் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, சில வாரம் வைத்திருந்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்குச் செலுத்துவார்கள். குதிரையின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருள்தான் விஷமுறிவு மருந்து. இந்த மருந்து தயாரிப்புக்கான விஷத்தில் பெரும்பங்கு பல பத்தாண்டுகளாக அந்த ஒரு சங்கத்திலிருந்தே போயிருக்கிறது. 2020இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று கணக்கிட்டது. மருந்து கிடைத்துப் பிழைத்தவர்களில் ஏராளமான பேர் உடம்பில் ஏதோ ஒரு இருளர் தன் கையால் பிடித்த பாம்பின் கதை இருக்கிறது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதற்கு முன்பே 2017இல் பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டவர்கள் அவர்கள்.

எதிர்ப்பொருள் என்ற சொல்லை நாம் எல்லோரும் 2020இல்தான் கற்றுக்கொண்டோம். அந்த மருந்துச் சங்கிலியின் முதல் கண்ணியாக இருளர்கள் நாற்பது வருடமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

ஆக, அறிவு உண்மை. பட்டினியும் உண்மை. இரண்டையும் ஒரே கையில் எப்படிப் பிடிப்பது?

வெளியே பார்த்தால் கொஞ்சம் தெளிவு கிடைக்கிறது. தொற்று பரவியபோது மலேசியாவில் ஒராங் அஸ்லி மக்கள் சில கிராமங்களில் ஊருக்குள் வரும் வழியை அடைத்தார்கள். சிலர் காட்டுக்குள் பின்வாங்கினார்கள். கொள்ளைநோய் வந்தால் விலகிப்போ என்பது பழைய அறிவு. அது பலிக்கவேண்டுமானால் பின்வாங்க ஒரு காடு வேண்டும். அமெரிக்காவில் நவஹோ மக்களைப் பாருங்கள். 2020 மே மாதத்தில் அங்கே தொற்று விகிதம் நியூயார்க்கையே தாண்டியது. அவர்களுக்கு அறிவு குறைச்சலா? ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீடுகளில் குழாய்த் தண்ணீர் இல்லை. கையைக் கழுவு என்று உலகமே சொன்னது, எதில் கழுவுவது என்று சொல்லவில்லை. அந்தமானில் பிரிட்டிஷார் 1858இல் குடியேறிய பிறகு தட்டம்மை போன்ற நோய்களில் கிரேட் அந்தமானியர் அழிந்து, இன்று ஐம்பது சொச்சம் பேராகிவிட்டார்கள். 2020 ஆகஸ்டில் அவர்களில் பத்துப் பேருக்குத் தொற்று வந்தது. அம்பைக் காட்டி யாரையும் நெருங்கவிடாத வட சென்டினல் தீவுக்காரர்களிடம் இன்னும் அந்தக் கதவு இருக்கிறது. அதை மூட அவர்களால் முடிகிறது.

மரபு அறிவு காற்றில் வேலை செய்வதில்லை. அதற்கு ஒரு நிலம் வேண்டும், ஏரி வேண்டும், கதவை மூடவும் திறக்கவும் உரிமை வேண்டும். ஆயாவுக்கு அந்த ஏரிக்கரையே சொந்தமில்லை.

சொந்தமில்லை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று ரேஷன் அட்டைக்கு நான் விண்ணப்பம் போட்டபோதுதான் தெரிந்தது. இணையத்தில் போடலாம், பத்து நிமிட வேலை என்று உட்கார்ந்தேன். முகவரிச் சான்று என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. புறம்போக்குக் குடிசைக்குப் பட்டா கிடையாது, வரி ரசீது கிடையாது, மின் இணைப்பும் கிடையாது. பழங்குடிச் சான்றிதழ் இருந்தால் சில கதவுகள் திறக்கும். ஆனால் அதைக் கோட்டாட்சியர் விசாரித்துத்தான் தரவேண்டும், அந்த விசாரணையும் எளிதில் முடிவதில்லை. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னெடுத்த பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இந்தச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் வருடக்கணக்கில் போராடிவருவதன் அர்த்தம் எனக்கு அந்தச் சிவப்பு நட்சத்திரத்தில் விளங்கியது. அதே மாதிரி நட்சத்திரங்களை நானே எத்தனையோ படிவங்களில் போட்டிருக்கிறேன். ஒரே ஒரு வார்த்தை, 'கட்டாயம்'. அதைத் தட்டும்போது ஏரிக்கரையில் இருப்பவர் யாரும் என் நினைவுக்கு வந்ததில்லை.

அட்டை கைக்கு வரப் பதினொரு மாதம் ஆனது.

*

2021 செப்டம்பரில் தமிழ்நாடு முழுக்கத் தடுப்பூசி மெகா முகாம்கள் நடந்தன. எங்கள் பக்கம் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். நான், அப்பா, அம்மா எல்லோரும் அதற்கு முன்பே போட்டுக்கொண்டுவிட்டோம். ஆயா வரமாட்டேன் என்றார். நான் வற்புறுத்தவில்லை. பழைய பதிவில் பட்ட அடி இன்னும் ஆறவில்லை. அவர்களுக்கு என்று ஒரு வைத்தியம் இருக்கிறது, நாம் போய் உபதேசம் செய்யக்கூடாது, மதிக்கவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அம்மாதான் கேட்டாள். "ஏன்டா, நான் வேணாம்னு சொன்னப்ப அரைமணி நேரம் கத்துன இல்ல? அந்தக் கெழவிக்கு மட்டும் மரியாதையா?"

பதில் இல்லை. அம்மா செத்துப்போகக்கூடாது என்பதால் அம்மாவோடு சண்டை போட்டேன். ஆயாவோடு சண்டை போடாததற்கு மரியாதை என்று பெயர் வைத்திருந்தேன். பிரமித்துப்போய் எழுதிய பதிவும், மரியாதையோடு ஒதுங்கி நின்றதும் ஒரே ஜாதிதான். இரண்டிலும் நான் அவரிடம் போய் 'ஏன்?' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போய்க் கேட்டேன். காரணம் மூலிகையும் இல்லை, கன்னிமாரும் இல்லை. ஊசி போட்டால் ரெண்டு நாள் காய்ச்சல் வருமாம். ரெண்டு நாள் கூலி போகும். அதை யார் கொடுப்பது? அப்புறம், பேர் எழுதிக்கொண்டு போகிறவர்கள் எதற்கு எழுதுகிறார்கள் என்று தெரியாது. இதுவரை ஊருக்குள் நோட்டோடு வந்து தங்கள் பெயரைக் கேட்டவர்கள் பெரும்பாலும் போலீஸ்காரர்கள். நாம் மூடநம்பிக்கை என்றோ மரபு என்றோ எழுதிவிடுகிற இடத்தில் இப்படிச் சில கணக்குகள் இருக்கின்றன.

கிராம செவிலியர் அக்கா ஒருவர் என்னோடு வந்து தரையில் உட்கார்ந்து விளக்கினார். செத்த கிருமியை உடம்புக்குள் விட்டால் உடம்பு அதைப் பார்த்துப் பழகிக்கொள்ளும், நிஜக் கிருமி வந்தால் அடிக்கும் என்றார். மாமல்லபுரம் பக்கம் ஆயாவுக்கு உறவு உண்டு. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்.

"பாம்பு வெசத்த குதுரைக்குப் போடுவாங்களே, அந்த மாதிரியா?"

ஆமாம் ஆயா, அதே மாதிரிதான் என்றார் அந்த அக்கா, ஆச்சரியமாக.

"அப்ப நாங்கதான் குதுர."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அடுத்த வாரம் முகாமுக்கு வந்து போட்டுக்கொண்டார். ரெண்டு நாள் கூலியை அம்மா கொடுத்தாள். அந்த வாக்கியம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. குதிரையின் ரத்தத்தில் மருந்து உருவாகிறது, பிழைப்பது வேறு யாரோ. குதிரைக்குப் புல்லும் தண்ணீரும் குறையாமல் வைப்பார்கள், ஏனென்றால் நாளைக்கும் அதன் ரத்தம் வேண்டும். குதிரையின் தாங்கும் திறனைப் பார்த்து யாரும் கண்ணீர் விட்டுப் பதிவு எழுதுவதில்லை.

*

கடைசியாக ஒன்று. இதை எழுதாமல் விட்டிருந்தால் கட்டுரை இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

செங்கல் சூளைக்காரர் மேல் எனக்குக் கொலைவெறி இருந்தது. முன்பணம் கொடுத்து மனிதர்களைக் கட்டிப்போடுவதை 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தடை செய்கிறது. அப்படிப்பட்ட கடன் எதையும் திருப்பித் தரவேண்டியதே இல்லை என்றும் அது சொல்கிறது. இதையெல்லாம் படித்து ஆயாவின் மகனுக்குப் போனில் சொன்னேன். கையிலிருந்த கடைசிக் காசையும் கொடுத்துவிட்டு ஜூனில் அவர்கள் ஊர் வந்து சேர்ந்தார்கள்.

2022 பொங்கலுக்கு வெள்ளையடிக்க அலமாரியைக் காலி செய்தபோது அப்பாவின் பற்றுவரவு நோட்டு கிடைத்தது. மல்லாட்டை மூட்டைக் கணக்கு, உரக்கடைக் கணக்கு. நடுவில் ஒரு பக்கத்தில் ஆயாவின் வீட்டுக்காரர் பெயர். 2009ஆம் வருடம், ஆறாயிரம் ரூபாய். மோட்டார் கொட்டகைக்கும் மல்லாட்டைக் கொல்லைக்கும் காவல் இருக்க முன்பணம். அவர் 2015இல் இறந்துவிட்டார். பக்கம் அடிக்கப்படாமல் இருந்தது.

அப்பாவிடம் கேட்டேன். "நான் எப்பனா கேட்டனா? ஒரு வார்த்த கேட்டதில்ல" என்றார். உண்மைதான், அவர் கேட்டதே இல்லை. ஆனால் அறுப்பு என்றால் ஆயா முதலில் எங்கள் கழனிக்குத்தான் வருவார். கூலி பேசமாட்டார். பின்வாசலில்தான் நிற்பார். கேட்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. கடன் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தது. என்னைப் படிக்கவைத்த மல்லாட்டை அந்தக் கொல்லையில் விளைந்ததுதான்.

அப்பா பேனாவை எடுத்து அந்தப் பக்கத்தின் குறுக்கே கோடு போட்டார். கோபமாகத்தான் போட்டார். நான் ஏரிக்கரைக்குப் போய், ஆயா, அந்த ஆறாயிரத்தை அடிச்சாச்சு, இனிமே ஒண்ணும் இல்ல என்றேன். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

ஆயா விறகை உடைத்துக்கொண்டே சொன்னார். "அதெல்லாம் அவரு இருக்கும்போதே ஒழச்சிக் கழிச்சாச்சு தம்பி. நீங்கதான் எழுதி வச்சிக்கினு இருந்தீங்க."

யாருடைய நோட்டில் யாருக்கு என்ன பாக்கி என்ற கணக்கையே நான் தலைகீழாகப் படித்திருக்கிறேன். இருளர்கள் எதைத் தாங்கினார்கள் என்று கேட்டு, வியந்து, எழுதி, அழித்து, மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் எதையெல்லாம் தாங்கும்படி நாம் வைத்தோம் என்ற பக்கத்தைத் திறந்தால் அதில் செங்கல் சூளைக்காரர் பெயர் மட்டும் இல்லை, எங்கள் வீட்டுப் பெயரும் இருக்கிறது. சிவப்பு நட்சத்திரம் போட்ட என் கையெழுத்தும் இருக்கிறது.

ஆயா இப்போதும் வீட்டுக்கு வருகிறார். முன்வாசல் வழியாக வாங்க என்று ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். "பரவால்ல தம்பி, இதான் பக்கம்" என்று பின்வாசலுக்கே போகிறார். அப்பா சமீபத்தில் ஒரு முறை அவரிடம் "வாங்க" என்றார். வாய் தவறி வந்ததா என்று தெரியவில்லை. ஆயா திரும்பிப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.